கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் காஸ்டிங் போடுங்கள்

கொங்கு நாட்டில் யாராவது புது வண்டி எடுத்துவந்து நிறுத்தினால், மாலை வாடுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "மைலேஜ் எவ்வளவு குடுக்குதுங்க?" வண்டியின் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். நானும் பலரிடம் இப்படிக் கேட்டவன்தான். அந்த ஒரே கேள்வியை வைத்து முதல் காரை எடுத்து, ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவனும்கூட.

நான் மெக்கானிக் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு டீ-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், லேபிள், பாலிபேக் என்று பைசாக் கணக்கில் காஸ்டிங் போடாமல் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். அதே முதலாளி பத்து லட்ச ரூபாய்க்குக் கார் எடுக்கும்போது மச்சான் சொன்ன வண்டியை மச்சான் சொன்ன நிறத்தில் எடுத்துவிடுவார். நாமக்கல் லாரிக்காரர்களைப் பாருங்கள், டீசல், டயர், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். முதல்முறை கார் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் நோட்டு, அப்புறம் ஷோரூம்

ஷோரூம் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். தினமும் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, வண்டியில் எத்தனை பேர். இப்போது டூ வீலரில் போகிற தூரத்தில் எவ்வளவு காருக்கு மாறும் என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். பார்க்கிங் இல்லாத கம்பெனிக்கு நீங்கள் எப்படியும் ஸ்கூட்டரில்தான் போகப்போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போவது, முகூர்த்த மாதங்களில் ஈரோடு, கோபி, தாராபுரம் என்று கல்யாணத்துக்கு அலைவது, வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு மலை ஏறுவது, எல்லாம் இதில் வரும்.

நான் எழுதிப் பார்த்தபோது எனக்கு வந்தது வருடத்துக்குச் சுமார் 9,000 கிலோமீட்டர். அதுவரை 15,000 ஓடும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கெழுதுகிறவனுக்கே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல.

விலை என்றால் எந்த விலை?

விளம்பரத்தில் போடுவது ஷோரூம் விலை. நம் பையிலிருந்து போவது ஆன்ரோடு விலை. இரண்டுக்கும் நடுவில் பெரிய துண்டு நம் மாநில வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம்.

இந்த 10 லட்சக் கோட்டில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 9.90 லட்சம் விலையுள்ள மாடலுக்கு 13 சதவீதம் என்றால் வரி 1,28,700 ரூபாய். "சார், இன்னும் முப்பதாயிரம்தான், சன்ரூஃப் வந்துடும்" என்று விற்பனைப் பையன் 10.20 லட்சம் மாடலைக் காட்டுவார். அதற்கு 18 சதவீதம், அதாவது 1,83,600. முப்பதாயிரம் வித்தியாசம் என்று நினைத்தது உண்மையில் கிட்டத்தட்ட 85 ஆயிரம். போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்கிறவரே வாங்கி அரசுக்குக் கட்டுகிற வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து கட்டித்தான் ஆகவேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாடலாக இருந்தால், கொட்டேஷனில் வரி எந்த விகிதத்தில் போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் மாறிவிட்டது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளம், எஞ்சின் அளவு பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள், இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்தினால் 18 சதவீதம். இல்லாவிட்டால் 40. மின்சாரக் காருக்கு 5. அதனால் அதற்கு முன்னால் பெரியப்பா மகன் என்ன விலைக்கு எடுத்தான் என்ற பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். நான்கு மீட்டருக்குள்ளும் சின்ன எஞ்சினுக்குள்ளும் கம்பெனிகள் ஏன் இவ்வளவு பாடுபட்டு வண்டியை அடக்குகின்றன என்பதற்கும் இந்த வரிக் கோடுதான் காரணம்.

இன்சூரன்ஸில் இரண்டு பாகம். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டியைப் புது காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022-ல் நிர்ணயித்த விகிதத்தில் 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 வரை 10,640, அதற்கு மேல் 24,596, வரி தனி. இதில் பேரம் இல்லை. நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான பாகத்தில்தான் பேரமெல்லாம். டீலர் தருகிற பாலிசியைத்தான் எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. வெளியில் இரண்டு இடத்தில் விலை வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பெரும்பாலும் அவர்களே இறங்கிவருவார்கள். தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்கு முழுப் பணம் தருகிற ஜீரோ டெப் மட்டும் முதல் சில வருடங்களுக்கு விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனின் அடியில் ஹேண்ட்லிங் சார்ஜ், எசென்ஷியல் கிட் என்று சில வரிகள் ஒளிந்திருக்கும். அது என்ன என்று கேளுங்கள். கேட்டாலே பாதி அடிபட்டுப் போகும். எனக்கு ஒரு ஷோரூமில் மண்தடுப்பு ரப்பருக்கும் மிதியடிக்கும் சேர்த்துப் போட்ட தொகையை, வெளிக்கடையில் பாதிக்கும் குறைவாக முடித்தேன்.

கடன் எடுப்பவர்களுக்கு ஒன்று. 8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 16,600. ஏழு வருடம் என்றால் 12,870. மாதத் தவணை குறைந்ததே என்று சந்தோஷப்பட்டால், மொத்த வட்டி 1.96 லட்சத்திலிருந்து 2.81 லட்சமாக ஏறியிருக்கும். மைலேஜில் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட இது பெரிய தொகை.

மைலேஜ்

கம்பெனி சொல்கிற எண் பொய் இல்லை. ஆனால் அது நம் ரோட்டில் எடுத்த எண் இல்லை. ஆய்வகத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, சுமார் இருபது நிமிடம், ஏ.சி. போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. பல்லடம் ரோட்டில் மே மாத வெயிலில் ஏ.சி.யை முழுசாக வைத்து, முன்னால் கோழி வண்டி, பின்னால் டவுன் பஸ் என்று ஊர்ந்துபோனால் அந்த எண் எப்படி வரும்? நான் கணக்குப் போடும்போது கம்பெனி எண்ணிலிருந்து நாலில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டி என்றால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டுமே என் கைக்கணக்குதான்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நான்கைந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் அதே மாடலில் வாங்கிய மைலேஜை இன்றைக்கு நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

ஹைவேயில் வேகம் இன்னொரு கதை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். சேலம் ரோட்டில் 80-ல் போகிறவர் 110-க்குப் போனால் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு பலமாக எதிர்க்கும். ஒரே மாடலை வைத்திருக்கிற அண்ணன் 20 வருகிறது என்பதும் தம்பி 15 கூட வரவில்லை என்பதும் இதனால்தான். இரண்டுமே உண்மை.

சரி, இந்த எண் பணமாக எவ்வளவு? பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்கு எளிது. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 16 கொடுக்கிற வண்டி 625 லிட்டர் குடிக்கும். 20 கொடுக்கிற வண்டி 500 லிட்டர். வித்தியாசம் வருடத்துக்கு 12,500 ரூபாய், அதாவது மாதம் ஆயிரத்துச் சொச்சம். 12-லிருந்து 15-க்குப் போனால் மிச்சமாவது 167 லிட்டர். 20-லிருந்து 25-க்குப் போனால் 100 லிட்டர்தான். கீழே இருக்கிற மைலேஜில் ஒவ்வொரு கிலோமீட்டரும் கனம். இருபதைத் தாண்டிவிட்டால் 22-ஆ 24-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய காசு இல்லை.

இதே வண்டியின் விலைப் பக்கத்தையும் பாருங்கள். 10 லட்சம் ஆன்ரோடு கொடுத்து வாங்கி, எட்டு வருடம் ஓட்டி, மூன்று லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். போன ஏழு லட்சத்தை ஓடிய 80,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 75 பைசா. லிட்டருக்கு 16 தரும் வண்டிக்குப் பெட்ரோல் 6 ரூபாய் 25 பைசா. கம்மியாக ஓட்டுகிறவருக்கு வண்டியின் விலைதான் பெரிய செலவு, பெட்ரோல் அடுத்ததுதான். இதை நோட்டில் போட்டுப் பார்த்த அன்றுதான் என் முதல் காரை நான் தப்பாக வாங்கினேன் என்று புரிந்தது.

டீசல், சி.என்.ஜி., கரண்ட்

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிற என் மாமா மூன்று வருடத்துக்கு முன் டீசல் எடுத்தார். எடுப்பதற்கு முன் என்னிடம் கேட்டார்.

"மாப்ள, டீசல் எடுத்தா மைலேஜ் நல்லா வருமில்ல?"

"வருமுங்க மாமா. ஆனா உங்களுக்கு ஓட்டமே இல்லீங்களே?"

"வண்டி வந்துட்டா ஓட்டம் தன்னால வந்துரும்."

ஓட்டம் வரவில்லை. தோட்டத்திலிருந்து காங்கேயத்துக்கு நாலு கிலோமீட்டர், அங்கிருந்து திரும்ப நாலு. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து போகும். நாலு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதே கஷ்டம். எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது. சர்வீஸில் கேட்டால் ஹைவேயில் ஓட்டிவாருங்கள் என்றார்கள். இப்போது மாமா பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு வேலையும் இல்லாமல் கரூர் ரோட்டில் வெள்ளகோவில் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறார். அத்தை கேட்டால் தேங்காய் விலை விசாரிக்கப் போனேன் என்கிறாராம்.

கணக்காகச் சொன்னால், பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய், நிஜ மைலேஜ் முறையே 15, 19 என்று வைத்தால், டீசலில் கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 1.84 ரூபாய். டீசல் மாடலுக்கு 1.30 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அது திரும்ப வர 70,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். வருடம் 25,000 ஓடுகிற நூல் ஏஜெண்டுக்கு மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். மாமாவுக்கு இருபது வருடம் ஆகும்.

சி.என்.ஜி., அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, ஓட்டச் செலவில் லாபம்தான், ஆனால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், இழுவை கொஞ்சம் குறையும். உங்கள் வழக்கமான ரோட்டில் பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதை ஒரு நாள் போய் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் போகும். வீட்டில் சார்ஜ் போட இடமிருந்து, தினசரி ஓட்டம் நிறைய இருப்பவருக்குப் பொருந்தும். தோட்டத்தில் பம்புசெட்டுக்கு வருகிற இலவச மின்சாரத்தில் சொருகிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது கிணற்றுத் தண்ணீருக்காகக் கொடுத்தது.

பிக்கப்

என் முதல் காரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. மைலேஜில் குறையே சொல்ல முடியாது. ஒரு மே மாதம் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவில் ஏ.சி.யை அணைத்தேன். ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ காட்சிமுனை இருக்கிற இடத்தில், வண்டி முதல் கியரை விட்டு மேலே வரவே மறுத்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விடவே இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை, ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதனால் பிக்கப், அதாவது மிதித்ததும் வண்டி இழுக்கிற இழுப்பு, என்பது ரேஸ் ஓட்டுகிறவர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம்மைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மலை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறினால் 27 வளைவு, கொல்லிமலைக்கு 70. மலைக்கே போகாதவருக்கும் ரோட்டில் கரும்பு லோடையும் டிப்பரையும் முந்தவேண்டி வரும். முந்தும்போது வண்டி தயங்கினால் அது ஆபத்து.

பிரசுரத்தில் இரண்டு எண் இருக்கும். ஒன்று பவர், பி.எஸ். அல்லது பி.எச்.பி. என்று போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் சிறு வித்தியாசம்தான், 100 பி.எஸ். என்றால் 98.6 பி.எச்.பி. இன்னொன்று டார்க், அதாவது எஞ்சினின் இழுவிசை, என்.எம். என்று இருக்கும். நம் ஊர் ஓட்டத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம், அதிலும் அது எத்தனை ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) கிடைக்கிறது என்பது. ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 111.7 என்.எம். டார்க்கை 4,300 ஆர்.பி.எம்.மில் தருகிறது. நெக்ஸானின் டீசல் எஞ்சின் 260 என்.எம்.மை 1,500-லிருந்தே தர ஆரம்பித்துவிடும். மேட்டில் முதலாவதை அலறவிட்டு ஏற்றவேண்டும், இரண்டாவது முனகிக்கொண்டே ஏறிவிடும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின் நடுவில் நிற்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெதுவாக ஓட்டினால் மைலேஜ் தரும், மிதித்தால் சின்ன எஞ்சின்தானே என்ற நினைப்பே இல்லாமல் குடிக்கும்.

பவரை எடையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 82 பி.எஸ். உள்ள 920 கிலோ வண்டிக்கு டன்னுக்கு 89 பி.எஸ். வரும். கிட்டத்தட்ட அதே எஞ்சினை 1,100 கிலோ வண்டியில் வைத்தால் 75. ஐந்து பேர், மூட்டை முடிச்சு என்று 400 கிலோ ஏற்றியபின் முதலாவது 62, இரண்டாவது 55-க்குக் கீழே. பார்க்க எடுப்பாக, உயரமாக இருக்கிற வண்டியில் சின்ன எஞ்சினைப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தி இழக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ எஞ்சின் இதைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும். மாதம் இரண்டுமுறை நீலகிரி ஏறுகிறவர் இதற்காகவே டர்போவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன், அந்த ஒரு பயணத்துக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்ட் டிரைவ்

கோயம்புத்தூரில் கேட்டால் இப்போது நேராக அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் பாலம், சிக்னல் இல்லை, குழி இல்லை. அதில் எந்த வண்டியும் தேர் மாதிரிதான் போகும். நீங்கள் கேட்கவேண்டியது வேறு. வீட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவையுங்கள். ஏ.சி. முழுசாக ஓடட்டும். ஒரு மேட்டில் நிறுத்தி எடுங்கள். இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக மிதித்து, உதறாமல் ஏறுகிறதா பாருங்கள். மூன்றாவது கியரில் 50-லிருந்து 80-க்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பின்னால் இருப்பவர் செல்போனில் பார்க்கட்டும். சாதாரண கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் கருவி மாற்றுகிற, விலை குறைந்த ஏ.எம்.டி. ஆட்டோமேட்டிக் என்றால் மேட்டில் பின்னால் நழுவுகிறதா, கியர் மாறும்போது தலை ஆடுகிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். பின் சீட்டில் பெரியவர்களை உட்காரவைத்து ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சோதித்த மாடல் என்றால் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிடுங்கள். அதற்காக மைலேஜில் ஒன்றிரண்டு குறைந்தால் எனக்குச் சம்மதம்.

முடிவெடுக்கும் வரிசை

முதலில் கடனைச் சேர்த்து ஆன்ரோடு விலைக்கு ஒரு மேல்வரம்பு போடுங்கள், அதை யார் சொன்னாலும் தாண்டாதீர்கள். அந்த வரம்புக்குள் வருகிற வண்டிகளில், உங்கள் ரோட்டையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திணறாமல் போகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுகிற இரண்டு மூன்றில் மைலேஜைப் பாருங்கள். வருடம் 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர் மட்டும் மைலேஜை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவரலாம். வீட்டுக்குப் பத்து கிலோமீட்டரில் சர்வீஸ் இல்லாத வண்டியை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. இது என் சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரத்துக்கு ஆடி மாதம் நல்ல காலம். யாரும் வண்டி எடுக்காததால் ஷோரூம்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். சாஸ்திரம் பார்க்கிறவர் ஆடியில் விலை பேசி முன்பணம் கட்டிவிட்டு, ஆவணியில் டெலிவரி எடுக்கலாம். என் அம்மாவை அப்படித்தான் சம்மதிக்க வைத்தேன். டிசம்பரிலும் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் வண்டி தயாரான மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மாதம் வெயிலில் நின்ற வண்டியை ஜனவரியில் புதுசு என்று வாங்கினால் விற்கும்போது ஒரு வருடம் பழையதாகத்தான் பார்ப்பார்கள்.

பதிவுக்கு அனுப்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் போய்ப் பாருங்கள். பெயிண்ட், டயர்களில் அச்சடித்த தேதி, ஓடோமீட்டர், ஸ்டெப்னி, எல்லா ஜன்னலும். பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏற்றியபின் கீறல் தெரிந்தால் கேட்பதற்கு ஆளிருக்க மாட்டார்கள்.

முதல் சர்வீஸ் முடிந்தபின் மைலேஜ் பாருங்கள். ஒரு பங்கில் பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுங்கள். டிஸ்ப்ளேயில் காட்டுகிற எண்ணைவிட இது ஒன்றோ இரண்டோ குறைவாகத்தான் வரும். கல்யாண வீட்டில் கேட்கிறவர்களுக்கு டிஸ்ப்ளே எண்ணையே சொல்லிக்கொள்ளுங்கள்.